ஜாம் போத்தலில் வெளிச்சக் கூடு: பிள்ளைகளோடு செய்யும் முறை

கடதாசி ஒட்டிய போத்தல் கூட்டை மேசையில் வைத்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்லக் கூடாது. பகலில் வடிவான கருஞ்சிவப்பாகத் தெரிகிற போத்தல், உள்ளே விளக்கு வைத்ததும் கறுத்துப் போய்விடும். வெளிறிக் கிடக்கிறதே என்று பிள்ளை சலித்துக்கொண்ட மஞ்சள் போத்தல்தான் இருட்டில் தகதகவென்று நிற்கும். அதனால் கடதாசி, பசை, கத்தரிக்கோல் இவற்றோடு ஒரு டோர்ச் லைட்டையும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசை ஒட்டியதும் போத்தலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கினால், பாதிப் பிழைகள் பசை காய்வதற்கு முன்பே பிடிபட்டுவிடும். பிள்ளைகளுக்கும் இதில் அலுப்பே வராது.

போத்தல்

450 முதல் 500 கிராம் ஜாம் வந்த போத்தல் நல்ல அளவு. வாயின் உள் அகலம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சூடான காற்று வெளியேறுவதும் புதுக் காற்று உள்ளே இறங்குவதும் அந்த ஒரே வாயால்தான். வாய் ஒடுங்கினால் சுடர் நீண்டு புகை தள்ளும், கண்ணாடியின் உட்புறம் கரி பிடிக்கும். கோடியல் போத்தலும் சோஸ் போத்தலும் இதனால்தான் சரிவராது. மார்மைட் போத்தலின் வாய் போதுமானதாக இருந்தாலும் கண்ணாடியே மண்ணிறம், அதன்மேல் எந்த நிறத்தை ஒட்டினாலும் எடுபடாது. வாய் விளிம்பிலே விரலை வைத்துப் பார்க்காமல், பழந்துணியைச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். நூல் எங்காவது மாட்டினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது. அந்தப் போத்தலைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம்.

லேபலை எடுக்க, சூடான சவர்க்காரத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட வேண்டும். இது பெரியவர்களின் வேலை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தலை உடனே சூடான தண்ணீரில் போட்டால் வெடிக்கும். கடதாசி உரிந்த பிறகும் பிசுபிசுவென்று ஒரு பசை நிற்கும். தேங்காயெண்ணெயையும் அப்பச்சோடாவையும் ஒவ்வொரு மேசைக்கரண்டி எடுத்துக் குழைத்து அதன்மேல் பூசி, 15 நிமிடம் விட்டுத் தும்பால் தேய்த்தால் போய்விடும். பிறகு இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் கொஞ்சம் மிஞ்சினாலும் கடதாசி அந்த இடத்தில் மட்டும் காய்ந்த பிறகு தோலைப் போல உரியும். கழுவித் துடைத்த போத்தலை இனிக் கழுத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் பணிஸ் சாப்பிட்ட கையோடு வருவார்கள், கையைக் கழுவிவிட்டே உட்காரச் சொல்லுங்கள்.

கடதாசி

பட்டத்துக்கும் வெசாக் கூட்டுக்கும் ஒட்டுகிற டிசுப் பேப்பர்தான் இதற்கு உரியது. மட்டக்களப்பு நகரத்திலும் கல்முனையிலும் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். மே மாதம் வெசாக் நெருங்கும்போது நிறங்கள் கூடுதலாக வரும், வருடத்துக்குத் தேவையானதை அப்போதே வாங்கி வைக்கலாம். மெழுகு பூசினாற்போல் வழுவழுக்கிற கடதாசியும், கண்ணாடித் தாளும் பார்க்க வடிவுதான், ஆனால் தண்ணீர்ப் பசையைக் குடிக்காது. காய்ந்ததும் முழுத் துண்டாகக் கழன்று விழும். சுருக்கம் வைத்த கிரேப் பேப்பர் நேர் எதிர்: பசை பட்ட உடனே சாயம் ஓடிப் பிள்ளையின் கை, சட்டை, மேசை எல்லாம் சிவக்கும்.

டிசுப் பேப்பரிலும் சாயம் ஓடுகிற தரம் உண்டு. விரலை நனைத்து ஓரத்தில் ஒருதரம் அழுத்திப் பாருங்கள். விரலில் நிறம் நன்றாக ஏறினால் அந்த நிறத்தைக் கடைசியாக ஒட்ட வேண்டும், வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பெரும்பாலும் சிவப்பும் ஊதாவும்தான் இந்தச் சேட்டை செய்யும்.

மஞ்சள், செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, இளம்பச்சை, வெள்ளை. இந்த ஐந்தும் இருந்தால் போதும். நீலத்தைக் கொஞ்சமாகப் பாவியுங்கள், மெழுகுதிரிச் சுடர் மஞ்சளானது, அதில் நீல வெளிச்சம் குறைவு. எனவே நீலக் கடதாசிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய சுடர் இருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும். வெள்ளை வெளிச்சம் தருகிற பட்டரி விளக்கு வைக்கப் போகிறீர்கள் என்றால் நீலம் தாராளமாக ஒட்டலாம்.

அளவுக்கு வருவோம். ஒரு ஜாம் போத்தலின் சுற்றளவு ஏறக்குறைய 24 செ.மீ., ஒட்டுகிற உயரம் 9 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதையும் சேர்த்து 450 சதுர செ.மீ. கடதாசி போகும். 50க்கு 75 செ.மீ. தாள் ஒன்று எட்டுப் போத்தலுக்குக் காணும். பத்துப் பிள்ளைகளுக்கு ஐந்து நிறத்திலும் ஒவ்வொரு தாள் வாங்கினால் கிழித்து வீணாக்குவதற்கும் மிஞ்சும். போத்தலை மட்டும் பன்னிரண்டாக வைத்திருங்கள், குறைந்தது இரண்டு உடையும்.

பசை

கடையில் விற்கிற வெள்ளை பைண்டர் கம் 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு. பத்துப் போத்தலுக்கு 200 மி.லீ. கம்மும் 100 மி.லீ. தண்ணீரும் போதும். பிரஷைத் தூக்கினால் தேங்காயின் முதற்பால் போல வழிய வேண்டும். அதைவிடத் தடித்தால் கடதாசிக்கு அடியில் திட்டுத் திட்டாக நிற்கும், வெளிச்சத்தில் அது அழுக்குப் போலத் தெரியும். அதைவிட நீர்த்தால் கடதாசி ஊறிக் கிழியும், சாயமும் ஓடும். சிரட்டையில் ஊற்றி இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றாகக் கொடுங்கள். சிரட்டை உருளாமல் இருக்க அடியில் ஒரு துணிச் சும்மாடு.

கோதுமை மாப் பசையாலும் செய்யலாம். 2 மேசைக்கரண்டி மாவைக் கால் லீட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டே இருக்க, ஐந்து நிமிடத்தில் வெள்ளை நிறம் மாறிக் கூழாக வரும். ஆறவிட்டு வடித்தெடுக்க வேண்டும். எதையும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகளுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் நாளைக்கும் வைத்துப் பார்க்க வேண்டிய கூட்டுக்கு இதை விரும்பிச் சொல்ல முடியாது. காய்ந்தாலும் கொஞ்சம் மங்கலாகவே நிற்கும், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் கரப்பானும் தேடி வரும். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கச் சொல்லுகிற பழைய முறை ஒன்று உண்டு. அது நஞ்சு, பிள்ளைகளின் கை படுகிற பசையில் சேர்க்கவே கூடாது.

கிழிப்பதும் ஒட்டுவதும்

நான்கைந்து வயதுப் பிள்ளைகள் கிழிக்கட்டும், கத்தரிக்கோல் வேண்டாம். கிழித்த ஓரம் மெல்லியதாகப் பிசிறி நிற்பதால் ஒன்றின்மேல் ஒன்று ஏறுமிடத்தில் கோடு தெரியாது. வெட்டிய ஓரம் வெளிச்சத்தில் கத்திபோலத் துலங்கும். வேண்டிய இடத்தில் அதுவும் அழகுதான். டிசுப் பேப்பர் ஒரு பக்கமாக நேரே கிழியும், மறு பக்கமாகக் கோணலாகப் போகும். நேரே போகிற பக்கத்தை நீங்கள் கண்டுபிடித்து 3 செ.மீ. அகலப் பட்டிகளாக முதலில் கிழித்துக் கொடுத்தால், பிள்ளைகள் அதைத் துண்டு துண்டாக்கிக்கொள்வார்கள். நிறத்துக்கு ஒரு தட்டு. மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் குசினி வரைக்கும் பொறுக்க வேண்டிவரும்.

போத்தல் உருளாமல் இருப்பதற்கு ஒரு துவாயைச் சுருட்டி வளையமாக்கி அதில் சாய்த்து வைக்கலாம். கை சிறிதாக இருந்தால் இடது கையைப் போத்தலுக்குள் விட்டு, உள்ளிருந்து பிடித்துக்கொண்டு ஒட்டுவது இன்னும் சுகம்.

ஒட்ட வேண்டிய எல்லையை முதலில் குறித்துவிடுங்கள். வாயிலிருந்து கீழே, மூடி முறுக்குகிற புரிக்கும் கீழே கழுத்து முடியும் வரை ஒன்றும் ஒட்டக் கூடாது. அங்கே ஒரு ரப்பர் பட்டி போட்டுவிட்டால் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சுடரின் சூடு முழுவதும் அந்த வாயால் மேலேறுகிறது, விளிம்பில் மடித்து ஒட்டிய கடதாசி முதலில் மண்ணிறமாகும், பிறகு பற்றும். அடிப்பகுதியும் வெறுமையாக இருக்கட்டும். போத்தலின் உட்புறம் கடதாசி ஒட்டுவது மெழுகுதிரிக் கூட்டில் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

அடியிலிருந்து மேலே போக வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் கண்ணாடியில் பசை பூசுங்கள். போத்தல் முழுவதும் பூசிவிட்டால் கடைசி இடத்துக்கு வருவதற்குள் காய்ந்துவிடும். துண்டைப் பசையின்மேல் மெல்ல விட்டு, பசை தொட்ட பிரஷால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுவை. முன்னும் பின்னும் தேய்த்தால் ஈரக் கடதாசி உருண்டு வரும், பிள்ளைகள் செய்கிற பிழைகளில் முதலாவது இதுதான். பிரஷைக் கையில் பிடித்து ஒருதரம் இழுத்துக் காட்டுங்கள். அடுத்த துண்டு முதல் துண்டின்மேல் அரை செ.மீ. ஏற வேண்டும். வெறும் கண்ணாடி இடையில் தெரிந்தால் இரவில் அந்த ஓட்டையால் சுடர் கண்ணைக் குத்தும்.

மேலே போத்தல் ஒடுங்குகிற தோளில்தான் சுருக்கம் விழும். தட்டையான தாள் இரண்டு பக்கமும் வளைந்த கண்ணாடியில் படியாது, துண்டைச் சிறிதாக்குவதே வழி. 3 செ.மீ. துண்டு உடம்புக்கு, 1.5 செ.மீ. துண்டு தோளுக்கு.

எங்கும் இரண்டு படைக்கு மேல் போகாதீர்கள். மஞ்சளின்மேல் இளஞ்சிவப்பு ஏறினால் செம்மஞ்சள் பிறக்கும், மஞ்சளின்மேல் நீலம் பச்சை தரும். அதைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கிற இடம் இந்த வேலையின் மிக நல்ல பகுதி, முன்கூட்டியே சொல்லிக் கெடுக்க வேண்டாம். சிவப்பும் பச்சையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டும் வெளிச்சம் அடைபட்டுச் சேற்று நிறமாகும். டோர்ச் லைட்டை உள்ளே விட்டுப் பார்த்து, கறுத்த இடத்தில் மேல் துண்டை ஈரத்தோடே உரித்துவிடச் சொல்லுங்கள். முழுப் போத்தலும் ஒட்டி முடிந்ததும் மேலாக ஒரு மெல்லிய பசைப் பூச்சு. அது காய்ந்தால் கண்ணாடிபோலத் தெளியும், கடதாசியின் ஓரங்களும் எழும்பாது. வார்னிஷ் அடித்தால் பளபளக்கும் என்று சிலர் சொல்வார்கள். பட்டரி விளக்குக் கூட்டுக்கு அடிக்கலாம், மெழுகுதிரி வைப்பதானால் தீப்பிடிக்கிற ஒன்றை வெளியே பூசி என்ன பயன்?

கறுப்பு உருவங்கள்

ஒன்பது பத்து வயதானவர்கள் நிறத் துண்டோடு நின்றுவிட மாட்டார்கள். அவர்களுக்குக் கறுப்புக் கடதாசியில் நிழலுருவம் வெட்டக் கொடுங்கள். தென்னை, தோணி, பாடுமீன், பிறையும் நட்சத்திரமும், விளக்கு. உருவத்தின் உயரம் 5 செ.மீ.க்கு மேல் போனால் வளைவில் ஓரம் தூக்கும். சாதாரணக் கறுப்பு டிசுப் பேப்பரை இரண்டாக மடித்து வெட்டினால் போதும், தடித்த அட்டை கண்ணாடியில் படியாது.

மட்டக்களப்பு வாவியின்மேல் நிற்கிற கல்லடிப் பாலம் இதற்கென்றே அமைந்தது. 2013இல் திறந்த புதிய பாலத்தை விடுங்கள், 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் முக்கோணச் சட்டங்கள்தான் வெளிச்சத்தில் எடுபடும். முதலில் வெள்ளையும் மஞ்சளும் ஒட்டிப் போத்தல் முழுமையாகக் காய்ந்திருக்க வேண்டும். பிறகு கறுப்பில் 3 மி.மீ. அகலப் பட்டிகள் வெட்டி, போத்தலைச் சுற்றி இரண்டு கிடைக் கோடுகள்: கீழே ஒன்று, 3 செ.மீ. மேலே ஒன்று. இரண்டுக்கும் இடையில் 3 செ.மீ.க்கு ஒரு நிமிர்ந்த பட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சாய்ந்த பட்டி. சுற்றளவு 24 செ.மீ. என்பதால் எட்டுக் கட்டங்கள் சரியாக வந்து முடியும். உங்கள் போத்தலின் சுற்றளவை நூலால் அளந்து எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடைசிக் கட்டம் ஒடுங்கி நிற்கும். பாலத்துக்குக் கீழே இளநீலத்தில் வாவி. ஈரமான கறுப்புப் பட்டி கையோடு இழுபடும், ஆகவே பசையைப் பட்டியில் பூசாமல் போத்தலில் பூசி, பட்டியை உலர்ந்தபடியே வைத்து அழுத்த வேண்டும்.

காய விடுவது

அடிப்பகுதி மேலே வருமாறு, வெறுமையாக விட்ட வாயின்மேல் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் வழிகிற பசை அடியில் தேங்கிப் பத்திரிகைத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நிழலில் ஒன்றரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். விளக்கீட்டுக்கும் நத்தாருக்கும் செய்பவர்களுக்குத்தான் பொறுமை வேண்டும். வாடைக்கால மழை ஈரத்தில் ஒரு இரவும் அடுத்த பகலும் போகும், விளக்கீட்டன்று பின்னேரம் ஒட்டத் தொடங்கினால் அன்றிரவுக்கு ஆகாது. இரண்டு நாள் முந்திச் செய்யுங்கள். அவசரத்துக்கு வெயிலில் வைப்பதும் பயனில்லை: மேற்பூச்சு முதலில் தோல் கட்டி ஈரம் உள்ளே அடைபட்டுக் கொப்புளிக்கும், நிறமும் வெளுக்கும். பசையின் பால் நிறம் முழுவதும் மறைந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். எங்காவது வெள்ளைத் திட்டு நின்றால் இன்னும் ஈரம். காய்ந்த பிறகும் காற்றுக் குமிழி இருந்தால் ஊசியால் குத்தி, ஒரு சொட்டுப் பசை விட்டு அழுத்திவிடலாம்.

கம்பி

கம்பி வேலை பெரியவருடையது. ஹாட்வெயார் கடையில் 1 மி.மீ. நாகம் பூசிய கம்பி கேளுங்கள். கட்டடத்துக்குக் கட்டுகிற கறுப்புக் கம்பி கடற்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துக் கடதாசியில் கறை இறக்கும். 30 செ.மீ. துண்டைப் புரிக்குக் கீழே கழுத்தில் சுற்றி, குறட்டால் நான்கு முறுக்கு முறுக்கி நுனியை வளையமாக மடியுங்கள். நேர் எதிர்ப்பக்கம் கம்பியைக் கிள்ளி இழுத்து இன்னொரு சிறு வளையம். 40 செ.மீ. துண்டு ஒன்றின் இரண்டு நுனியையும் அந்த வளையங்களில் கொழுவி முறுக்கினால் கைப்பிடி. அது போத்தல் வாயிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும், தாழ்ந்தால் கை சுடும். நூலோ நைலோன் கயிறோ கட்டினால் சுடரின்மேல் அறுந்து விழும். போத்தலுக்குள் மணலை நிரப்பித் தூக்கி உலுக்கிப் பார்த்த பிறகே கொழுவுங்கள்.

விளக்கு வைப்பது

அடியில் 1 செ.மீ. உயரத்துக்கு மணல் போடுங்கள். மெழுகுதிரி நழுவாது, அடிக்கண்ணாடியின் ஒரு புள்ளி மட்டும் சூடேறி வெடிப்பதும் குறையும். கடற்கரை மணலானால் நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும், உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக் கண்ணாடியின் உட்புறம் புகார் படியும். தகரக் கிண்ணத்தில் வருகிற சிறிய மெழுகுதிரி 4 செ.மீ. அகலம்தான், வாயால் இலேசாக இறங்கும், ஏறக்குறைய 4 மணித்தியாலம் எரியும். சாதாரண மெழுகுதிரியானால் 3 செ.மீ. துண்டாக வெட்டி மணலில் ஊன்றலாம். திரி அரை செ.மீ.க்கு மேல் நீண்டால் வெட்டிவிடுங்கள், புகைக்கு முதற்காரணம் அதுதான். தேங்காயெண்ணெய்ச் சிட்டி விளக்கைப் போத்தலுக்குள் இறக்க வேண்டாம். சாய்ந்து எண்ணெய் வழியும், கரியும் கூட.

ஆழத்தில் இருக்கிற திரிக்கு நெருப்புக்குச்சி எட்டாது. காய்ந்த ஈர்க்கில் ஒன்றின் நுனியைப் பற்றவைத்து உள்ளே விட்டால் கை சுடாமல் ஏற்றலாம். அணைப்பதற்கு ஊத வேண்டாம், மெழுகு தெறிக்கும். தண்ணீரும் ஊற்ற வேண்டாம், சூடான கண்ணாடி வெடிக்கும், உருகிய மெழுகும் பொங்கும். ஜாம் மூடியை வாயின்மேல் சும்மா வைத்தால் சில விநாடியில் சுடர் அடங்கிவிடும். மூடியை முறுக்கினால் உள்ளே காற்று ஆறிச் சுருங்கி இறுகிக்கொள்ளும், பிறகு திறப்பது பாடு.

மெழுகுதிரிக் கூடு வைத்த இடத்திலேயே இருக்கட்டும்: மதிலில், படியில், கோலத்தின் நடுவில். கிடுகு வேலிக்கும் ஓலைக் கொட்டிலுக்கும் திரைச்சீலைக்கும் ஒரு மீற்றராவது தள்ளி. பிள்ளை கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற கூட்டில் பட்டரி விளக்குத்தான். அந்தச் சிறிய விளக்குகளில் பொத்தான் மாதிரியான பட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக் குழாயை எரித்துவிடக்கூடும், அப்படிச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மூடியில் திருகாணி உள்ள விளக்காகப் பார்த்து வாங்குங்கள், திருகாணி இல்லாததைச் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். கையில் சூடு பட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும், பற்பசையும் எண்ணெயும் பூசக் கூடாது.

எடுத்து வைக்கும்போது

பைண்டர் கம் காய்ந்தாலும் தண்ணீருக்கு இளகும், எனவே மழையில் நனைந்த கூட்டைத் துடைக்காமல் காற்றில் ஆறவிடுங்கள், துடைத்தால் கடதாசி கையோடு வரும். மணலைக் கொட்டி, உட்புறக் கரியை உலர்ந்த துணியால் எடுத்து, ஒவ்வொன்றையும் பத்திரிகைத் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைக்கலாம். அடுத்த வருடம் பிள்ளைக்கு அந்த நிறம் பிடிக்காமல் போனால் ஒரு இரவு தண்ணீரில் ஊறவிட்டால் முழுவதும் உரிந்து போத்தல் வெறும் போத்தலாகிவிடும். கரைந்த கடதாசியைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் வடித்து எடுத்துவிடுங்கள், குழாய் அடைக்கும்.